வேர் நிழலில், தலை வெயிலில்: மன்னார்புரம் மாடியில் கொடிக்கற்றாழை

திருச்சியில் புதிதாகக் குடிபோன வீட்டின் வாசலை அண்ணாந்து பார்த்தால், திருஷ்டிப் பூசணிக்குப் பக்கத்தில் சோற்றுக்கற்றாழை ஒன்று வேரோடு தலைகீழாகத் தொங்கும். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தும் உயிரை விடாது. சில வீடுகளில் தொங்கியபடியே பூத்தும் வைக்கும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கற்றாழை என்றாலே 'போட்டது போட்டபடி கிடக்கும்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கொடிக்கற்றாழை வாங்கி வருபவர்கள் முதலில் ஏமாறுவது அந்த நினைப்பால்தான்.

சோற்றுக்கற்றாழையின் மடல் தடித்தது. பகலில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். அதனால் உள்ளே இருக்கும் நீர் எளிதில் வெளியேறாது. கொடிக்கற்றாழைக்கும் சதைப்பற்று உண்டு என்றாலும் இலை மெலிது. 10 முதல் 15 செ.மீ. நீளம், இரண்டு விரல் அகலம்கூடத் தேறாது. கையிருப்பு குறைவு. வாசலில் தொங்கவிட்டால் வாடிவிடும். ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஊற்றினால் அழுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கான விடை அதன் பிறந்த ஊரில் இருக்கிறது.

ஊரும் பேரும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதி முட்புதர்கள் அடர்ந்த வறண்ட நிலம். அங்குள்ள புதர்களின் அடியில் முளைத்து, கிளைகளுக்கு நடுவே வழி தேடி மேலேறி, உச்சியில் வெயிலைக் கண்டதும் பூக்கும் செடி இது. தண்டு விரல் பருமன்தான்; நீளமோ 5 மீட்டரையும் தாண்டும். இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஹாவொர்த் 1825-இல் இதற்கு 'ஆலோ சிலியாரிஸ்' என்று பெயரிட்டார். 2013-இல் ஆய்வாளர்கள் இதையும் இதன் நெருங்கிய உறவுகளையும் தனிப் பேரினமாகப் பிரித்து 'ஆலோயாம்பெலாஸ்' என்றார்கள். 'அம்பெலோஸ்' என்றால் கிரேக்கத்தில் திராட்சைக்கொடி. நர்சரிச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான். ஊரறிந்த தமிழ்ப் பெயர் இதற்கு இல்லாததால் இந்நூலில் கொடிக்கற்றாழை என்றே வைத்துக்கொள்வோம்.

கொடி என்று சொன்னாலும் ஏறும் விதம் வேறு. பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு. முல்லை சுற்றிக்கொண்டு ஏறும். வெற்றிலை கணுவேரால் ஒட்டிக்கொள்ளும். கொடிக்கற்றாழையிடம் இவை எதுவும் கிடையாது. இளந்தண்டு புதருக்குள் நேராக நுழையும். பிறகு இலைகள் விரிந்து பின்புறமாக வளையும். தேங்காய் பறிக்கும் துறட்டியைப்போல ஒவ்வொரு இலையும் பக்கத்துக் கிளையில் கொக்கி போட்டுக்கொள்ளும். பற்றுக்கோடு இல்லாத இடத்தில் நட்டால் தரையில் படுத்துவிடும். 'வாங்கி ஒரு வருஷமாச்சு, ஏறவே மாட்டேங்குது' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

வளர்ப்பு முறை முழுவதையும் இந்தப் புதர்க் கதையிலிருந்தே வகுத்துவிடலாம்: வேர் நிழலில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும், இடையில் சாய்ந்துகொள்ள ஒன்று வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

தொட்டியைக் கையில் எடுத்து, இலை தண்டைத் தழுவும் இடத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். இலையின் அடிப்பகுதி உறைபோலத் தண்டைச் சுற்றியிருக்கும். அந்த உறையின் மேல் விளிம்பில் கண்ணிமை முடிபோல வெள்ளை வெள்ளையாக மெல்லிய மயிர்கள் வரிசையாக நிற்கும். விரலால் தடவினால் குத்தாது, வளைந்து கொடுக்கும். 'சிலியாரிஸ்' என்ற பெயரே இந்த இமைமயிரால் வந்தது. வேறு மெலிந்த தண்டுக் கற்றாழைகளையும் இதே பெயரில் விற்பதுண்டு. இமைமயிர் இல்லையென்றால் அது வேறு செடி.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. கற்றாழைகளின் உயிரணுவில் பொதுவாக 14 குரோமோசோம்கள் இருக்கும். இந்த வகையில் அதைப்போல மூன்று மடங்காக 42 உண்டு. கற்றாழைக் குடும்பத்தில் மிக வேகமாக வளர்வது இதுதான் என்ற பெயரும் இதற்கு உண்டு.

இடம்: மன்னார்புரம் ஒரு கணக்கு, ஸ்ரீரங்கம் ஒரு கணக்கு

திருச்சி ரயில்வே ஜங்ஷனுக்குத் தெற்கே இருக்கும் மன்னார்புரத்தில் இன்று தோட்டம் என்றால் பெரும்பாலும் பால்கனியும் மொட்டை மாடியும்தான். இங்கே கிழக்கு பார்த்த பால்கனி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. காலை வெயில் நான்கு மணி நேரம் விழுந்தாலே செடிக்குப் போதும். மேற்கு பார்த்த பால்கனியில்தான் சங்கடம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் சிமெண்ட் சுவர் பகலெல்லாம் சூடேறி, இரவு ஒன்பது மணிக்கும் கையை வைக்க முடியாமல் கொதிக்கும். இலைகள் செம்பழுப்பாக மாறி உள்நோக்கிச் சுருளும். செடி சாகாது, ஆனால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்.

அதற்குப் புதர் வைத்தியம் ஒன்று உண்டு. தொட்டியைக் கைப்பிடிச்சுவருக்கு உட்புறம் தரையோடு வைத்து, முன்னால் இரண்டு மூன்று சின்னத் தொட்டிகளை அடுக்கினால் வேர்ப்பகுதிக்கு நிழல் கிடைத்துவிடும். தண்டு மட்டும் சுவருக்கு மேலே எழும்பி வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மேற்கு வெயிலில் வைப்பது வேரை அவிப்பதற்குச் சமம். மண்தொட்டி நல்லது, ஒரு பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி, இடைவெளியில் செங்கல் துண்டுகளைப் போட்டால் இன்னும் நல்லது.

மன்னார்புரம் ரவுண்டானாவை ஒட்டிய தெருக்களில் தூசும் ஒரு பிரச்சினை. சென்னை, மதுரை வண்டிகள் கிளப்பிவிடும் தூசு இலையில் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். மாதம் ஒருமுறை காலையில் குழாய்த் தண்ணீரைத் தூவிக் கழுவிவிடலாம். மாலையில் கழுவினால் இலையுறைக்குள் நிற்கும் நீர் இரவு முழுவதும் காயாது.

ஸ்ரீரங்கத்தில் கதை வேறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவின் வண்டல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாழைக்கு அது வரம், கொடிக்கற்றாழைக்கு ஆபத்து. கொல்லையில் தரையில் நடுவதானால் ஓரடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, உள்ளே கல்லும் மணலும் கலந்த மேட்டுப்பாத்தி போட வேண்டும். உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் முற்றத்துக்கு வெயில் இறங்குவதே கொஞ்ச நேரம்தான். அங்கே செடியை மாடிக்கு ஏற்றிவிடுவதே வழி.

மண்

ஆற்றுமணலுக்குப் பதில் இப்போது எம்-சாண்ட் வந்துவிட்டது. அதை அப்படியே தொட்டியில் போடுவதுதான் பலர் செய்யும் பிழை. அதிலுள்ள கல்தூள் இரண்டு மழைக்குள் இறுகி, தொட்டிக்குள் தளம் போட்டதுபோல் ஆகிவிடும். சலித்து, ஒரு பக்கெட்டில் போட்டு, கலங்கல் நிற்கும்வரை அலசி எடுத்தால் கிடைக்கும் கரடுமுரடான பகுதிதான் வேண்டியது.

கலவை இப்படி: அலசிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கொட்டைப்பாக்கு அளவு செங்கல் அல்லது ஓட்டுத் துண்டுகள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவை ஒரு கைக்கு மேல் சேர்க்க வேண்டாம். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து அள்ளிவரும் மண்ணில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்திருக்கும்; அதுவும் வேண்டாம். தொட்டி 12 அங்குல வாய் உள்ளதாக இருக்கட்டும். ஆழத்தைவிட அகலம் முக்கியம்; இரண்டு மீட்டர் தண்டு மேலே நிற்கும்போது குறுகிய தொட்டி ஒரு காற்றுக்கே உருண்டுவிடும்.

தண்ணீர்

திருச்சிக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை: காவிரித் தண்ணீர், போர்வெல் தண்ணீர். கம்பரசம்பேட்டைப் பக்கமிருந்து வரும் மாநகராட்சிக் குடிநீர் கொடிக்கற்றாழைக்கு நன்றாகவே ஒத்துப்போகும். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் காரமுமாக இருக்கும். சில மாதங்களில் மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கும் படிவமே அதற்குச் சாட்சி.

மாவட்டத்தின் மண்ணுக்கும் இந்தக் குணம் உண்டு. நாவலூர் குட்டப்பட்டில் 1989-இல் தொடங்கிய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி அமைந்திருப்பதே களர் நிலத்தில்தான். களரைத் தாங்கும் 'திருச்சி 1', 'திருச்சி 3' நெல் ரகங்கள் அங்கே உருவானவை. நெல்லுக்கே தனி ரகம் தேடவேண்டிய பூமியில், அந்நிய நாட்டுச் செடிக்குக் கொஞ்சம் சலுகை காட்டத்தான் வேண்டும். போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளில் மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக நீர் தாராளமாக வழியும்படி நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாயின் வாயில் ஒரு டிரம்மை வைத்துவிட்டால் ஐப்பசி மழை தைவரை செடிக்குக் கைகொடுக்கும்.

எவ்வளவு ஊற்றுவது? நாள் கணக்கு வைத்துக்கொள்ளாமல் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் குத்தி எடுத்துப் பார்க்கலாம். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். சுத்தமாக வந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றலாம். கோடையில் இது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். மார்கழியில் பத்து நாளைக்கு ஒருமுறைகூட வராமல் போகலாம். தொட்டியின் கீழே தட்டு வைத்தால் வழிந்த நீரை அன்றே கொட்டிவிட வேண்டும். வேருக்கும் கேடு, டெங்குக் கொசுவுக்கும் அது தொட்டில்.

ஊரின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கொடிக்கற்றாழை சாவதும் பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தில்தான். அடைமழை நாட்களில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துவது, நகர்த்த முடியாத தொட்டியை ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சற்றே சாய்த்து வைப்பது, இவ்வளவு போதும்.

துண்டு நடுதல்

திருச்சி புனித வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மாத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரச் சாலையைப் பற்றி ஊரில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். செடிகளைத் தாளுக்கு நடுவே அழுத்தி, உலர்த்தி, ஒட்டிப் பாதுகாக்கும் இடம். இத்தகைய சாலைகளில் வேலை செய்பவர்களுக்குச் சதைப்பற்றுச் செடி என்றால் தனித் தலைவலி. அழுத்தி வைத்தாலும் வாரக்கணக்கில் சாகாமல் உள்ளேயே துளிர்விட்டுக்கொண்டிருக்கும். கொதிநீரில் முக்கி உயிரைப் போக்கிய பிறகே உலர்த்த வேண்டியிருக்கும். அந்தப் பிடிவாதம்தான் துண்டு நடுபவருக்குத் துணை. வெட்டிய துண்டை நடுவதற்கு அவசரமே இல்லை.

கூரான கத்தியை டெட்டாலில் துடைத்துக்கொண்டு, முற்றிய தண்டின் நுனியிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு முழம்வரை வெட்ட வேண்டும். வெட்டுவாயில் மஞ்சள் பால் கசியும். துணியில் பட்டால் கறையாகும். அடியில் உள்ள நான்கைந்து இலைகளைக் கீழ்நோக்கி இழுத்தால் உறையோடு கழன்று வந்துவிடும். பிறகு துண்டைப் பழைய செய்தித்தாள் மேல் நிழலில் நான்கைந்து நாள் போட்டு வைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து, தொட்டால் தோல்போல இருக்கும்போதுதான் நடவு. மூன்று அங்குல ஆழத்துக்கு நட்டு, பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றிக் கட்டிவிட்டு, முதல் நான்கு நாள் தண்ணீரே காட்டக் கூடாது. அதன்பிறகு லேசாகத் தெளித்து வந்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். நுனியில் புதிய பச்சை தெரிவதே அறிகுறி. பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் முளைத்த வேரை முறித்துவிடுகிறார்கள்.

ஏற்றிக் கட்டுதல்

ஜன்னல் கம்பியில் ஏற்றுவது வசதியாகத் தோன்றும். ஆனால் மேற்கு வெயிலில் இரும்பு காய்ந்து, தொட்ட இலையைச் சுட்டுவிடும். மூங்கில் தட்டி சிறந்தது. அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் பின்னால் காற்று ஓடும்.

கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம். பூக்கட்டும் வாழைநார் இருக்கிறது. தண்ணீரில் நனைத்தால் துணிபோல் மென்மையாகும், தண்டை அறுக்காது. சில மாதத்தில் தானே இற்று விழுவதால் பருத்துவரும் தண்டை நெரிக்கவும் செய்யாது. விழுந்த இடத்தில் வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம். தண்டையும் மூங்கிலையும் சேர்த்து இறுக்கிவிடாமல் நடுவில் எட்டுப்போல ஒரு முறுக்கு விட்டு, ஓரடிக்கு ஒரு கட்டு வீதம் போட்டால் போதும். இந்த வேலையை ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று திருச்சிக்கு எப்படி வரும் என்று ஊருக்குத் தெரியும். கட்டாத தண்டு கணுவில் மளுக்கென்று முறியும். மாட்டுச்சாணமும் பிண்ணாக்குமாகப் போட்டு வளர்த்த தண்டு கொழகொழவென்று இருந்து இன்னும் சீக்கிரம் முறியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தாராளம்.

தரையில் இடமிருப்பவர்கள் மூங்கிலுக்குப் பதில் காகிதப்பூச் செடியையே துணையாகக் கொடுக்கலாம். அதுவும் முட்செடி, அதுவும் குறைந்த நீரில் பிழைப்பது. பிறந்த ஊர்ப் புதர் கிடைத்த மாதிரி கொடிக்கற்றாழை அதற்குள் நுழைந்து ஏறிவிடும்.

பூவும் கத்தரியும்

தண்டின் நுனிப் பக்கத்திலிருந்து எழும் காம்பில் ஏறக்குறைய 3 செ.மீ. நீளக் குழல்களாகப் பூக்கள் கவிழ்ந்து தொங்கும். நிறம் செஞ்சிவப்பு, வாய் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். தாய்நாட்டில் இதன் தேனுக்கு வருவது அங்குள்ள தேன்சிட்டுகள். நம்மூர் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்கு இந்தக் குழலின் கணக்கு புதிதல்ல; காம்பில் தொற்றிக்கொண்டு கீழிருந்து அலகை நீட்டி உறிஞ்சும்.

பூ வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது நுனிக்கு வெயில் விழுகிறதா என்பதை. வேர் நிழலில் இருந்து தலையும் நிழலிலேயே இருந்தால் தண்டு நீண்டுகொண்டே போகுமே தவிரப் பூக்காது. அடுத்தது கத்தரிப்பு. வயதான தண்டில் கீழ் இலைகள் காய்ந்து மொட்டையாக நிற்பது இயல்பு, நோயில்லை. பூத்து முடிந்ததும் அந்தத் தண்டை அடியிலிருந்து ஓரடி விட்டு வெட்டினால் பக்கத் துளிர்கள் கிளம்பும். வெட்டிய துண்டு எதையும் எறிய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு செடி.

தொல்லைகள்

மாவுப்பூச்சிக்கு மிகப் பிடித்த இடம் அந்த இமைமயிர் வரிசைதான். இலையுறைக்குள் பஞ்சுபோல் ஒளிந்துகொள்ளும். தண்டில் எறும்பு சாரிசாரியாக ஏறுவதைப் பார்த்தாலே அங்கே மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் உறைகளுக்குள் படும்படி தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். கடும் பூச்சிமருந்து வேண்டாம் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்டுத் தமிழகத்தையே ஆட்டிய பப்பாளி மாவுப்பூச்சி அடங்கியது, 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால்தான். மருந்து முதலில் கொல்வது இத்தகைய நண்பர்களை.

இலையிலோ பூக்காம்பிலோ மருப்போலக் கரடுமுரடான புடைப்பு வந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. அந்தப் பகுதியை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். உரக்குழியில் போட்டால் திரும்பி வரும். தண்டின் அடி மஞ்சளாகிக் குழைந்தால் அழுகல். மேலே உறுதியாக உள்ள பகுதியை வெட்டிக் காயவைத்துப் புதிதாக நடுவதே வழி.

கற்றாழை என்ற பெயரைக் கேட்டு மடலைச் சீவி மோர் அடிக்க நினைப்பவர்களும் உண்டு. இது சாப்பிடும் கற்றாழை அல்ல. சோறு மிகக் குறைவு. மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கும். வீட்டில் நாய், பூனை இருந்தால் கீழ்த் தண்டுகள் எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர், கொழும்பு விமானங்கள் இறங்குகின்றன. செடி கிடைக்காதவர்களுக்கு, வெளிநாட்டு உறவினர் பெட்டியில் ஒரு துண்டு போட்டு எடுத்துவரச் சொல்வது எளிதாகத் தோன்றும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடவுத்துண்டு உள்ளே வரக்கூடாது. கற்றாழை இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு, சோற்றுக்கற்றாழையைத் தவிர, சைட்டஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடும் உண்டு. உள்ளூர் நர்சரியிலோ, ஏற்கெனவே வளர்க்கும் வீட்டிலோ கேட்டு வாங்குவது நல்லது.

மாத வாரியாக

தை, மாசி: துண்டு நட ஏற்ற காலம். பழைய தொட்டிக்கு மண் மாற்றலாம். மழைநீர் டிரம்மில் மிச்சமிருப்பதை இப்போதே செலவழித்துவிடலாம்.

பங்குனி: ஒரு கைப்பிடி மண்புழு உரம். தொட்டிக்கு முன்னால் நிழல் தரும் சின்னத் தொட்டிகளை அடுக்கும் வேலை.

சித்திரை, வைகாசி: ஈர்க்குச்சிச் சோதனை ஒருநாள் விட்டு ஒருநாள். கத்திரி வெயிலில் உரமும் கத்தரிப்பும் கூடாது. இலை சிவந்தால் பயப்பட வேண்டாம்.

ஆனி: மூங்கில் தட்டியை ஆட்டிப் பார்த்து, வாழைநார்க் கட்டுகளைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆடி: காற்று மண்ணை வேகமாகக் காயவைக்கும், தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு ஊரே விதை போட்டாலும் இந்தத் துண்டுகளை நட அவசரப்பட வேண்டாம்.

ஆவணி, புரட்டாசி: அடித்துளையில் அடைப்பு இருந்தால் குச்சிவிட்டு நீக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கு ஒரு சுற்று வேப்பெண்ணெய். டிரம்மைக் கழுவிக் குழாய்க்கு அடியில் வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்கு ஒதுக்கி வைக்கும் காலம். தட்டுகளை எடுத்துவிட வேண்டும். டிரம்மின் வாயை வலைத்துணியால் கட்ட வேண்டும்.

மார்கழி: தண்ணீர் மிகக் குறைவு. தையில் வெட்டவேண்டிய தண்டுகளில் இப்போதே ஒரு வாழைநார் முடிச்சைப் போட்டு வைத்தால், பூ விட்ட தண்டு எது, விடாத தண்டு எது என்ற குழப்பம் வராது.